ஐக்கிய இராச்சியத்தில் பல்கலைக்கழக அனுமதியும் இடைவெளி ஆண்டும்

இடைவெளி ஆண்டு என்பது பள்ளிப் படிப்பை முடித்த மாணவர், பல்கலைக்கழகத்தில் சேரும் முன் வேலை, தன்னார்வத் தொண்டு, பயணம் போன்றவற்றுக்காக எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது பழகிப்போன வழக்கம். 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்னும் தன்னார்வ அமைப்பு முதன்முதலில் வெளிநாடுகளுக்கு அனுப்பியவர்கள் பள்ளி முடித்த இளைஞர்களே. இளவரசர் வில்லியம் 2000-இல் பள்ளியை முடித்து, ஓராண்டு கழித்து 2001-இல் செயின்ட் ஆண்ட்ரூசு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இடைவெளி ஆண்டு இருவகைப்படும். கிடைத்த இடத்தை உறுதிசெய்துகொண்டு சேரும் நாளைத் தள்ளிவைப்பது ஒன்று. இடம் எதுவும் இல்லாமல் ஓராண்டு நின்று, மீண்டும் விண்ணப்பிப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் முடிவெடுத்தால், கைக்கு வந்த இடம் போய்விடக்கூடும்.

அனுமதி வழங்கும் முறை

இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியாகச் செல்கின்றன. ஒருவர் ஐந்து படிப்புகள் வரை தெரிவு செய்யலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு நான்கு தெரிவுகளே உண்டு. விண்ணப்பத்தை ஏற்கும் பல்கலைக்கழகம் இருவகையில் அனுமதி அளிக்கும்:

- நிபந்தனையுடன் கூடிய அனுமதி: ஏ லெவல் போன்ற இறுதித் தேர்வில் குறிப்பிட்ட தரங்களைப் பெற்றால் மட்டுமே இடம் உறுதியாகும்.
- நிபந்தனையற்ற அனுமதி: கல்வித் தகுதி ஏற்கெனவே நிறைவடைந்ததாகக் கருதி வழங்கப்படுவது.

பதில் அளித்தல்

எல்லா முடிவுகளும் வந்தபின் மாணவர் ஒன்றை உறுதித் தெரிவாகவும், மற்றொன்றைக் காப்புத் தெரிவாகவும் ஏற்கலாம். மற்றவற்றை மறுத்துவிட வேண்டும். உறுதித் தெரிவு கைகூடாதபோது உதவுவதே காப்புத் தெரிவு. எடுத்துக்காட்டாக, உறுதித் தெரிவு மூன்று ஏ தரங்களைக் கேட்கிறது, காப்புத் தெரிவு மூன்று பி தரங்களைக் கேட்கிறது என்று கொள்வோம். மாணவருக்கு ஆகத்து மாதத்தில் ஓர் ஏ, இரண்டு பி கிடைத்தால், முதல் பல்கலைக்கழகம் சலுகை காட்டி ஏற்கலாம். அது மறுத்தால், காப்புத் தெரிவில் இடம் உறுதியாகிவிடும். ஆகவே உண்மையில் சேர விரும்பாத இடத்தைக் காப்புத் தெரிவாக வைப்பதும், உறுதித் தெரிவுக்கு நிகரான தரங்களைக் கேட்கும் இடத்தை அவ்வாறு வைப்பதும் பயன் தராது.

இடம் கிடைக்காதவர்கள் கிளியரிங் முறையில் நிரம்பாத படிப்புகளுக்கு முயலலாம். உறுதியான இடத்தைக் கைவிட்டும் கிளியரிங்கில் நுழைய முடியும். ஆனால் அவ்வாறு விட்ட இடத்தைத் திரும்பப் பெற உரிமை இல்லை.

சேர்க்கையைத் தள்ளிவைத்தல்

விண்ணப்பிக்கும்போதே அடுத்த ஆண்டுக்கான சேர்க்கையைக் கேட்கலாம். அனுமதி கிடைத்தபின் மனம் மாறினால், பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அப்பல்கலைக்கழகத்தின் முடிவு. பொதுவாக ஓராண்டு மட்டுமே தள்ளிவைக்க இயலும். சில மருத்துவப் பள்ளிகள் இதை ஏற்பதில்லை. கணிதத்தில் தொடர்ச்சி விட்டுப்போகும் என்பதால் சில கணிதத் துறைகளும் தயங்குகின்றன.

சேர்க்கை தள்ளிவைக்கப்பட்டாலும் தேர்வு நிபந்தனைகள் தள்ளிப்போவதில்லை. விண்ணப்பித்த ஆண்டின் ஆகத்து இறுதிக்குள் அவை நிறைவேற வேண்டும். தள்ளிவைத்த இடத்தை வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டு யூகாஸில் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. முதலில் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

செலவும் கட்டணமும்

ஓராண்டுத் தாமதம் கட்டணத்தையும் மாற்றக்கூடும். இங்கிலாந்தில் 2011-இல் ஆண்டுக்கு 3,375 பவுண்டாக இருந்த கட்டண உச்சவரம்பு, 2012-இல் 9,000 பவுண்டாக உயர்ந்தது. 2011-இல் பள்ளி முடித்து ஓராண்டு பொறுத்துச் சேர்ந்தவர்களுக்குப் புதிய கட்டணமே பொருந்தியது. கல்வி உதவித்தொகை பெற்றவர்கள், அதுவும் அடுத்த ஆண்டுக்கு மாற்றப்படுமா என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து செல்வோர் இரண்டு காலவரம்புகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். மாணவர் விசாவுக்கு வேண்டிய சேர்க்கை உறுதிச் சான்றை, அது வழங்கப்பட்ட 6 மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும். சேர்க்கை ஓராண்டு தள்ளிப்போனால் புதிய சான்று தேவைப்படும்.

இடம் இல்லாத இடைவெளி ஆண்டு

எதிர்பார்த்த தரங்கள் கிடைக்காதவர்கள், படிப்பை மாற்ற நினைப்பவர்கள், எதைப் படிப்பது என்று தெளிவில்லாதவர்கள் இவ்வழியை நாடுகின்றனர். தேர்வை மீண்டும் எழுதவும், கைக்கு வந்துவிட்ட தரங்களுடன் விண்ணப்பிக்கவும் இதில் வாய்ப்பு உண்டு. ஆனால் புதிய விண்ணப்பத்துக்குப் பழைய அனுமதி செல்லாது. முன்பு ஏற்ற பல்கலைக்கழகமே இம்முறை மறுக்கலாம். 2026 சேர்க்கை முதல் யூகாஸ் தன்விவரக் கூற்றில் உள்ள மூன்று வினாக்களுள் ஒன்று, படிப்புக்கு வெளியே மாணவர் செய்த ஆயத்தத்தைப் பற்றியது. கடையிலோ மருத்துவமனையிலோ பார்த்த வேலையை, தான் கற்க விரும்பும் துறையோடு தொடர்புபடுத்திச் சொல்பவருக்கு அந்த ஆண்டு வலுச் சேர்க்கும்.

எனவே, என்ன படிப்பது என்பதில் தெளிவுள்ளவர் முதலில் இடத்தை ஏற்று, பிறகு பல்கலைக்கழகத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, அதன்பின் இடைவெளி ஆண்டைத் திட்டமிடுவதே பாதுகாப்பான வரிசை ஆகும்.