உங்களுக்குத் தெரியுமா? – பாலும் பாலும்

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள். பால்கோவா, நைட்டி, பேண்டேஜ் துணி, நூல் மில் எல்லாம் அதற்குள் வந்துவிடும். நாடுகள் கூடி வர்த்தகம் பேசும் மேசையில் பெண்களுக்கு என்ன இடம் என்று யாராவது கேட்டால், பதில் தேட உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. இந்த வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தாலே ஏகப்பட்ட சங்கதி கிடைக்கும்.

● ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரைக்கும் போகிறது. பதிலுக்கு ஆண்டாளின் விசேஷங்களுக்குத் திருப்பதியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பட்டு வருகிறது. 'அனுப்புநர்' என்ற இடத்தில் பெண் பெயரோடு இந்த ஊரிலிருந்து கிளம்பும் சரக்கு, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

● ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். டிரேட் மார்க் ஒரு கம்பெனியின் சொத்து. புவிசார் குறியீடு அப்படியல்ல; அந்த வட்டாரத்தில் அந்தப் பொருளைச் செய்யும் எல்லோருக்கும் பொது. சரி, எல்லோரும் என்றால் யார்? நான் எட்டிப் பார்த்த அடுப்புகளில் எல்லாம் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் ஆண்கள். விடியுமுன் எழுந்து புல் போட்டு, சாணி அள்ளி, பால் பீய்ச்சித் தூக்குவாளியில் சொசைட்டிக்கு அனுப்புவது வீட்டுப் பெண்கள். சொசைட்டி பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறது என்று அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

● ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி. நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் பெயர் போன ஊர்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் சத்தம். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். தைத்ததைப் பீஸ் கணக்கில் எண்ணி எடுத்துப் போவார்கள்.

இந்த நைட்டி கப்பல் ஏறினால் என்ன ஆகும்? உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. நெய்த துணியில் தைத்த பெண்களின் பருத்தி இரவு உடைக்கு 6208.21. ஆண்களுடையது 6207-ல் தனியாக நிற்கும். உடுப்பு ஆணுக்கா பெண்ணுக்கா என்று சந்தேகம் வந்தால் பட்டனைப் பார்க்கச் சொல்கிறது விதி: முன்பக்கம் இடது வலதின் மேல் மூடினால் ஆண் உடுப்பு, வலது இடதின் மேல் மூடினால் பெண் உடுப்பு. அதற்கும் பிடிபடாவிட்டால் பெண்கள் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்! அமெரிக்காவில் இந்தப் பிரிவினையால் பெண்கள் உடுப்புகளுக்குச் சராசரியில் இறக்குமதி வரி கூடுதலாக விழுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

துணியின் பாலை இவ்வளவு துருவித் துருவிப் பார்க்கும் அந்தச் சுங்கக் காகிதத்தில், தைத்தவரின் பாலைக் குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது.

● ராஜபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறி பேண்டேஜ் துணி நெய்கிறது. தறியிலிருந்து இறங்கும் வெளுக்காத காடாத் துணி ரத்தத்தை உறிஞ்சாது. வேகவைத்து, வெளுத்து, பஞ்சில் இயற்கையாக உள்ள மெழுகும் ஏறியிருக்கும் கஞ்சியும் போன பிறகுதான் உறிஞ்சும். சுங்கப் பட்டியலில் இங்கேயும் ஒரு வேடிக்கை. மொத்தமாகச் சுருட்டி அனுப்பும் காஸ் துணி வெறும் துணி, எண் 5803. அதையே வெட்டி, மடித்து, மருத்துவ உபயோகத்துக்கெனச் சில்லறைப் பாக்கெட்டில் போட்டுவிட்டால் அது 3005-க்குத் தாவி, மருந்துகளோடு போய் உட்கார்ந்துகொள்ளும். துணியை மருந்தாக்குவது பாக்கெட்டுதான். மடிப்பதும் சுருட்டுவதும் பாக்கெட் போடுவதும் பெரும்பாலும் பெண்கள் கை. தறிக்குத் தார் சுற்றுவதும் அவர்கள்தான்.

● இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள் (2019-20 ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு). வீட்டில் உட்கார்ந்து நைட்டி தைப்பவர் இந்த 43-ல் வரமாட்டார். அவர் வீடு தொழிற்சாலை இல்லையே!

● அப்படி வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகளை இவர்களுக்கும் கொடு என்பதுதான் அதன் சாரம். இலா பட் 1972-ல் அகமதாபாத்தில் தொடங்கிய 'சேவா' சங்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. உடன்படிக்கைக்காக வாதாடிய சங்கம் இந்தியாவில். இந்திய அரசு இன்னும் அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை.

● தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் என்றதும் தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோதான் ஞாபகம் வரும். 2014-க்குப் பிறகு அந்தப் போட்டோவும் இல்லை, உச்சிமாநாடே நடக்கவில்லை. ஆனால் 2000-ல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுக்காரர்கள் காத்மாண்டுவில் கூடி, வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காக ஒரு பிரகடனம் செய்தார்கள். அதன் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் 'சபா'. வீட்டிலிருந்து உழைக்கும் பெண்கள் தாங்களே பங்குதாரர்களாக இருந்து, நெய்ததையும் தைத்ததையும் இடைத்தரகர் இல்லாமல் விற்பதற்கான அமைப்பு. சார்க் வளர்ச்சி நிதியிலிருந்து பணம் வந்தது, 'சேவா' தொழில் கற்றுக்கொடுத்தது. நேபாளத்தில் தொடங்கியது இன்றும் நடக்கிறது. தலைவர்கள் பேசிக்கொள்ளாத இடத்திலும் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. முகவூர் அக்காமார்களுக்கு இப்படி ஒன்று வாய்த்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

● 2017, பியூனஸ் அயர்ஸ். உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டையொட்டி, வர்த்தகத்தில் பெண்கள் பற்றிய கூட்டறிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. பெண்கள் சமத்துவம் நல்லதுதான், ஆனால் அது வர்த்தக அமைப்பில் பேசும் விஷயமல்ல என்றது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தைப் புரட்டினால், பாலினச் சமத்துவத்துக்கென்றே ஒரு தனி அத்தியாயம்! எட்டு வருஷத்தில் பேசக் கூடாதது பேசக் கூடியதாகிவிட்டது. சிலியும் உருகுவேயும் 2016-லேயே இப்படி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டன.

● பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பொருளாதார அமைப்பான ஏபெக்கில் இந்தியா உறுப்பினர் இல்லை. ஆனால் 1997-ல் தொடங்கிய, இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் சங்கத்தில் உறுப்பினர். பெண்களின் பொருளாதார முன்னேற்றம் அங்கே எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான வேலைகளில் ஒன்று.

● இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-ல். நாட்டுக்கே பொதுவாக அது வந்தது 2005-ல்தான். கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவருக்கு அடமானம் வைக்கப் பத்திரம் வேண்டுமே, அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

● 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்து வயசுப் பெண்களை மேற்கு மாவட்ட நூல் மில்களுக்கு அழைத்துப் போய், ஹாஸ்டலில் தங்கவைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு. நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை போச்சு. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு, சட்டை வாங்கும் ஐரோப்பியக் கடைகள் 'நூல் எங்கே நூற்றது?' என்று கேட்க ஆரம்பித்தன. தாலிக்குப் பொன் என்று ஆசை காட்டிய திட்டத்துக்குச் சுமங்கலி என்று பெயர் வைத்தவர் லேசுப்பட்டவர் இல்லை.

● 2021 மே மாதம் முதல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் உண்டு. எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்குக்காகக் கண்டக்டர் பூஜ்யக் கட்டணச் சீட்டு கிழித்துத் தருவார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். வேலைக்குப் போகிற அக்காவின் கையில் இருக்கும் அந்தச் சீட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். நைட்டிக்கான சுங்கக் காகிதத்தில் இல்லாத அந்தக் கட்டம் இதில் இருக்கிறது: மகளிர், ஒருவர்.