ஒரேயொரு படம் மிஞ்சியிருக்கும்போது: பழைய புகைப்படங்களைப் பிரதியெடுக்க ‘லைவ் வியூ’ எப்படி உதவுகிறது?

வடக்கு, கிழக்கில் எத்தனையோ குடும்பங்களிடம் ஒருவரின் நினைவாக மிஞ்சியிருப்பது ஒரேயொரு புகைப்படம்தான். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அல்பங்கள் வீட்டோடு போயின. 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது. 2009இல் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியபோது பைகளில் இருந்தவையும் நனைந்தும் எரிந்தும் போயின. தப்பியது ஓர் அடையாள அட்டைப் படமாக இருக்கலாம். பாடசாலைக் குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் ஒரு முகமாக இருக்கலாம். கலியாண வீட்டுப் படமொன்றின் ஓரமாகவும் இருக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நிற்பவையும் இப்படிப்பட்ட படங்கள்தாம்.

இந்தப் படங்களுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது காலம். எங்கள் காலநிலையில் ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், பழைய வண்ணப்படங்கள் சிவந்து வெளிறும். சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, பிரதிக்கு மேல் பிரதி எடுப்பது. போட்டோகொப்பியைப் படம் பிடித்து, அதைத் தொலைபேசியில் அனுப்பி, வந்ததை மறுபடி அச்சடித்தால் ஒவ்வொரு தடவையும் முகத்தின் விபரம் கொஞ்சம் அழிகிறது. கடைசியில் கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும்.

இதற்கு வழி ஒன்றுதான். மூலப் படத்திலிருந்து நேரடியாக, ஒருமுறை, நல்ல பிரதி எடுத்து வைப்பது. அதற்கு விலைகூடிய கருவி தேவையில்லை. ‘லைவ் வியூ’ வசதியுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றே போதும். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் உங்கள் ஊர்த் தம்பியிடமே அது இருக்கக்கூடும்.

லைவ் வியூ என்றால் என்ன?

டி.எஸ்.எல்.ஆர். கமராவில் லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில் சரிவாக ஒரு சிறிய தளவாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு அனுப்புகிறது. படம் எடுக்கும் கணத்தில் மட்டும் ஆடி மேலே எழும்ப, ஒளி சென்சரில் விழுகிறது. அதாவது, துவாரத்தில் நாம் பார்ப்பது சென்சர் காணும் காட்சி அல்ல. வேறு பாதையால் வரும் காட்சி.

லைவ் வியூவை இயக்கியதும் ஆடி மேலே எழும்பி அங்கேயே நிற்கும். சென்சரில் விழும் காட்சி நேரடியாகப் பின்பக்கத் திரையில் தெரியும். சிறிய டிஜிட்டல் கமராக்களில் இது முன்பே இருந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். வகையில் இதை முழுநேர வசதியாக முதலில் கொண்டுவந்தது 2006இல் வந்த ஒலிம்பஸ் ஈ-330. பின்னர் கனொன் 450டி, நிக்கொன் டி90 போன்ற, சாதாரண மக்களும் வாங்கிய மாதிரிகளிலும் வந்தது. இரண்டும் 2008இல் வெளியானவை. பழைய கமரா வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனொன் 400டி, நிக்கொன் டி40, டி60, டி3000 ஆகியவற்றில் லைவ் வியூ இல்லை.

பிரதியெடுப்பதில் அதன் பயன்

முதலாவது, கூர்மை. ஒரு சிறிய படத்தைக் கிட்டவாக எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீற்றர் மட்டுமே. துவாரத்தின் வழியே பார்த்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும். லைவ் வியூவில் பூதக்கண்ணாடி அடையாளமுள்ள பொத்தானை அழுத்தினால் காட்சியின் ஒரு பகுதி பெரிதாகும். கனொன் கமராக்களில் 5 மடங்கு, 10 மடங்கு எனப் பெருப்பிக்கலாம். படத்திலுள்ளவரின் கண்ணுக்குக் கொண்டுபோய், கண் இமையோ படத்தின் மணிமணியான அச்சோ கூர்மையாகும்வரை லென்ஸின் வளையத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். சென்சர் காண்பதையே நீங்களும் காண்பதால், துவாரத்துக்கும் சென்சருக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசத்தால் தெளிவு தவறும் பிரச்சினை இங்கே இல்லை.

இரண்டாவது, முழுச் சட்டகம். குறைந்த விலைக் கமராக்களின் துவாரம் படத்தின் ஏறத்தாழ 95 வீதத்தையே காட்டும். லைவ் வியூ ஏறத்தாழ முழுவதையும் காட்டும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் படத்தின் நான்கு ஓரங்களும் நேராக இருக்கின்றனவா என்று உடனே தெரியும்.

மூன்றாவது, பளபளப்பு. இலமினேற் செய்த அடையாள அட்டையிலும் கண்ணாடிச் சட்டத்திலும் வெளிச்சம் தெறித்து முகத்தை மறைக்கும். விளக்கை அரக்கி அரக்கி, தெறிப்பு மறையும் இடத்தைத் திரையில் பார்த்தே பிடிக்கலாம்.

நான்காவது, அதிர்வு. வீட்டு வெளிச்சத்தில் எடுக்கும்போது கமரா கால் செக்கனோ அதிலும் கூடவோ திறந்திருக்க வேண்டி வரும். அந்நேரம் ஆடி அடித்து எழும்பும் அதிர்வே படத்தைச் சற்றுக் கலங்கச் செய்யும். லைவ் வியூவில் பெரும்பாலான மாதிரிகளில் ஆடி முன்கூட்டியே எழும்பி நிற்பதால் அது குறைகிறது.

செய்யும் முறை

மேசையில் கறுப்புத் துணி விரித்துப் படத்தை வையுங்கள். கமராவை முக்காலியில் பொருத்தி, லென்ஸ் நேராகக் கீழே பார்க்கும்படி திருப்புங்கள். முக்காலி கவிழாதபடி பின்காலில் பாரம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். கமராவோடு வரும் 18-55 லென்ஸ் போதும். அதை 55 பக்கத்தில் வையுங்கள். 18 பக்கத்தில் நேர்கோடுகள் வளையும்.

கமரா படத்துக்குச் சரியாக நேரே நிற்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. படம் இருக்கும் இடத்தில் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டமாக வையுங்கள். லென்ஸின் பிம்பம் லைவ் வியூ திரையின் நட்டநடுவில் தெரிந்தால் கமரா நேராக இருக்கிறது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை வையுங்கள்.

வெளிச்சத்துக்கு ஒரே வகையான இரண்டு மின்விளக்குகளை இரு பக்கமும் 45 பாகை சரிவில் வையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் வெயில் நேரே விழாத விறாந்தை வெளிச்சமும் நல்லது. இரண்டையும் கலக்க வேண்டாம், நிறம் குழம்பும். கமராவின் பிளாஷைப் பாவிக்கவே வேண்டாம். கண்ணாடியில் கமராவே தெரிந்தால், கறுப்பு மட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி முன்னால் பிடியுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8, லென்ஸின் ஆளி கைமுறையில். இரண்டு செக்கன் ரைமரை வைத்தால் விரல் பட்டு ஆடாது. முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தால் பிறகு நிறத்தைச் சரிபார்க்க உதவும். சில மாதிரிகளில் திரையின் வெளிச்சம் இறுதிப் படத்தோடு ஒத்துப்போகாது. ஆகவே எடுத்த படத்தைத் திறந்து, பெருப்பித்துப் பார்த்த பின்னரே அடுத்ததற்குப் போங்கள். வசதியிருந்தால் ஜேபெக்கோடு ரோ வடிவிலும் சேமியுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்க முயல வேண்டாம். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, திகதி, அம்மாவின் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

தொலைபேசியோ ஸ்கானரோ போதாதா?

தனியாகக் கையில் இருக்கும் படத்துக்கு ஸ்கானர் நல்லது. ஆனால் சட்டத்துக்குள் இருப்பதையும், அல்பத்தில் ஒட்டியிருப்பதையும், சுருண்டு வெடித்ததையும் ஸ்கானரில் அழுத்தக்கூடாது. தொலைபேசி அவசரத்துக்கு உதவும். ஆனால் பல தொலைபேசிகள் முகத்தைக் கண்டதும் தாமாகவே தோலை மென்மையாக்கி, கோடுகளைக் கூர்மையாக்கிவிடும். அழகுக்கு அது சரி. ஒருவரை அடையாளம் காணவேண்டிய படத்தில் நெற்றித் தழும்பும் மச்சமும் அழிந்துவிடக்கூடாது. தொலைபேசி மட்டுமே இருந்தால் அழகூட்டும் வசதிகளை நிறுத்திவிட்டு, இதே வெளிச்சத்தில் எடுங்கள்.

லைவ் வியூவுக்கும் குறைகள் உண்டு. தானியங்கித் தெளிவு பழைய மாதிரிகளில் மிக மெதுவானது. ஓடும் பிள்ளையையோ ஊர்வலத்தையோ எடுக்கத் துவாரமே வசதி. கடும் வெயிலில் திரை தெரியாது. பற்றரி விரைவில் இறங்கும், நீண்ட நேரம் இயங்கினால் சென்சரும் சூடாகும். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அதை நிறுத்திவிடுங்கள், மேலதிகப் பற்றரி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகு

கமரா தந்த கோப்பை அப்படியே வையுங்கள். கீறல் நீக்குவது, நிறம் சேர்ப்பது எல்லாம் வேறொரு பிரதியில் நடக்கட்டும். கோப்பின் பெயரில் அவருடைய பெயர், ஊர், படம் எடுத்த ஆண்டு, யாரிடமிருந்து பெற்றது என்று எழுதுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது முக்கியம். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். கோப்பாக, ஆவணமாக அனுப்புங்கள். குடும்பத்தின் சம்மதமின்றி எதையும் முகநூலில் போட வேண்டாம். குழுப்படமென்றால் அருகில் நிற்பவர்களையும் நினைக்க வேண்டும்.

ஆணைக்குழுக்கள், அலுவலகங்கள், பொலிஸ் என்று எங்கே கேட்டாலும் கொடுக்க வேண்டியது அச்சடித்த பிரதியைத்தான். கேட்ட இடமெல்லாம் மூலப் படத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் தாய்மார் எங்களிடையே போதுமானளவு இருக்கிறார்கள். 12 மெகாபிக்சல் கமராவில் சட்டகம் நிறைய எடுத்த பிரதியை ஏ4 தாளளவில் அச்சடிக்கலாம். அடையாள அட்டை அளவுப் படமும் அதில் ஊர்வலத்தில் ஏந்துமளவுக்குப் பெரிதாகும். மூலப் படத்திலேயே இல்லாத விபரத்தை மட்டும் எந்தக் கமராவாலும் தர முடியாது.

ஒரு படத்துக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். மூலப் படம் இன்னும் வெளிறவில்லை, அதில் நிற்பவர் யார் என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பத்து நிமிடத்தை இந்த மழைக்காலத்துக்கு முன் ஒதுக்குங்கள்.