புதிய கேமராவின் ரா கோப்பு ஏன் திறப்பதில்லை?

டிஜிட்டல் கேமராவின் சென்சார் அளந்த ஒளியை, படமாகச் சமைக்காமல் வெறும் எண்களாகவே சேமித்துவைப்பது ரா கோப்பு. அதே காட்சியை ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் நிறம், வெளிச்சம், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் மிஞ்சும். ரா கோப்பிலோ 12 பிட் என்றால் 4,096 படிநிலைகள், 14 பிட் என்றால் 16,384. நிழலில் மங்கிய முகத்தை மீட்பதற்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையடித்த தோல் நிறத்தைப் பிறகு சரிசெய்வதற்கும் இடம் கொடுப்பது இந்த வேறுபாடுதான். அதனால்தான் திருமணப் படம் எடுப்பவர்களும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர்களும் ரா கோப்பை நம்புகிறார்கள்.

ஆனால், சந்தைக்கு வந்து சில நாட்களே ஆன கேமராவின் ரா கோப்பைப் பழகிய மென்பொருளில் திறக்க முயன்றால், பல சமயம் 'இந்தக் கோப்புக்கு ஆதரவு இல்லை' என்ற அறிவிப்புதான் வருகிறது. அதே நிறுவனத்தின் முந்தைய கேமரா எடுத்த கோப்பு சிக்கலின்றித் திறக்கும். இரண்டு கோப்புகளின் பெயரும் ஒரே எழுத்துகளில்தான் முடியும். நிக்கானுக்கு என்.இ.எஃப், சோனிக்கு ஏ.ஆர்.டபிள்யூ, ஃபியூஜிஃபிலிமுக்கு ஆர்.ஏ.எஃப். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல.

நிறம் தெரியாத பிக்சல்கள்

சென்சாரில் உள்ள பிக்சலுக்கு நிறம் தெரியாது. தன்மேல் விழுந்த ஒளி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் உள்ளது. இதன்படி ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதோ ஒரு நிற வடிகட்டி இருக்கும். நான்கு பிக்சல்களை எடுத்துக்கொண்டால் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணித்து நிரப்புவது மென்பொருளின் வேலை.

வடிகட்டிகளின் வரிசை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஃபியூஜிஃபிலிம் 2012-ல் எக்ஸ்-ப்ரோ1 கேமராவில் கொண்டுவந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில், ஆறுக்கு ஆறு பிக்சல் கொண்ட கட்டமே திரும்பத் திரும்ப வருகிறது. பேயர் வரிசைக்காக எழுதிய நிரல் அதற்குப் பயன்படவில்லை. மென்பொருள் எழுதுபவர்கள் புதிய கணக்கு முறைகளை உருவாக்க வேண்டியிருந்தது.

முதல் படி: கோப்பைப் படித்தல்

புதிய கேமராவுக்கு ஆதரவு தருவதில் இரண்டு படிகள் உண்டு. எண்களைக் கோப்பிலிருந்து வெளியே எடுப்பது முதல் படி. கேனானின் சி.ஆர்.2 கோப்பு டிஃப் என்ற படக்கோப்பு அமைப்பை ஒட்டியது. 2018-ல் இ.ஓ.எஸ். எம்50 கேமராவுடன் வந்த சி.ஆர்.3, எம்பி4 வீடியோ கோப்புகளுக்கு அடிப்படையான அமைப்புக்கு மாறிவிட்டது. உள்ளே இருக்கும் சுருக்கும் முறையும் புதிது. சி.ஆர்.2 கோப்பை நன்றாகப் படித்துவந்த மென்பொருளால் சி.ஆர்.3-ன் உள்ளே நுழையவே முடியவில்லை.

சுருக்கும் முறைக்குக் காப்புரிமை இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. நிக்கானின் இசட்9 கேமராவில் உள்ள 'ஹை எஃபிஷியன்ஸி' ரா வகை, பெல்ஜியத்தின் இன்டோபிக்ஸ் நிறுவனத்தின் டிகோரா தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதை எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். உரிமம் வாங்கும் வசதி இல்லாத கட்டற்ற மென்பொருள்களுக்கு அது பெரிய தடை. அதே கேமராவில் இழப்பற்ற சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தடை இல்லை.

இரண்டாம் படி: எண்களின் பொருள்

எண்கள் கைக்கு வந்துவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. துளி ஒளி படாத பிக்சலும் பூஜ்ஜியத்தைக் காட்டுவதில்லை. 14 பிட் கோப்புகளில் பல சோனி கேமராக்கள் 512 என்ற எண்ணையும், பல கேனான் கேமராக்கள் 2,048 என்ற எண்ணையும் கறுப்பாகக் கொள்கின்றன. இந்தக் கறுப்பு அளவைத் தவறாக எடுத்துக்கொண்டால் நிழல் பகுதிகளில் ஊதாச் சாயல் படரும். பிக்சல் நிரம்பிவிடும் உச்ச அளவைத் தவறாகக் கொண்டால் வெள்ளை மேகம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சென்சாரின் விளிம்பில் படத்துக்கு உதவாத பிக்சல் பட்டைகள் உண்டு. அவற்றை எங்கே வெட்டுவது என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது நிறம். ஒரு சென்சாரின் 'சிவப்பு' இன்னொன்றின் சிவப்பு ஆகாது. வடிகட்டியின் சாயம் ஒவ்வொன்றிலும் வேறு. கேமரா தரும் மூன்று எண்களை மனிதக் கண் காணும் நிறமாக மாற்ற ஒரு நிற அணி தேவை. 24 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையைப் பகலொளிக்கு நிகரான விளக்கிலும், பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளியிலும் படமெடுத்து இதைக் கணக்கிடலாம்.

இதனால்தான் மென்பொருள்கள் கோப்புக்குள் எழுதியிருக்கும் மாடல் பெயரைப் பார்த்து, தங்கள் பட்டியலில் உள்ள அளவுகளை எடுத்துக்கொள்கின்றன. பெயர் பட்டியலில் இல்லையென்றால் சில மென்பொருள்கள் கோப்பையே திறக்க மறுக்கும். பழைய மாடலின் சென்சாரையே வேறு பெயரில் கொண்ட கேமராவுக்கும் இதே கதிதான்.

யார் செய்கிறார்கள்?

கேமரா நிறுவனங்கள் தங்கள் ரா அமைப்பைப் பற்றிய முழு விவரத்தைப் பொதுவில் வெளியிடுவது அரிது. அமெரிக்க நிரலாளர் டேவ் காஃபின் 1997-ல் தொடங்கிய டிசிரா என்ற நிரல் இந்த இருட்டைப் பெருமளவு விலக்கியது. கோப்புகளைப் பிரித்து ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான கேமராக்களின் அமைப்பை அவர் கண்டறிந்தார். அந்த நிரலிலிருந்து கிளைத்த லிப்ரா, இன்று பல மென்பொருள்களின் உள்ளே இயங்குகிறது. டார்க்டேபிள் மென்பொருளுக்கு ராஸ்பீட் என்ற நிரல் தொகுதி இந்த வேலையைச் செய்கிறது. புதிய கேமரா வாங்கியவர்கள் மாதிரிக் கோப்புகளைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தால்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் நகரும்.

2005-ல் நிக்கான் டி2எக்ஸ் கேமரா ஒயிட் பேலன்ஸ் தகவலை மறையாக்கம் செய்து எழுதுவது தெரியவந்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். மறையாக்கத்தை உடைத்தால் சட்டச் சிக்கல் வரும் என்று ஃபோட்டோஷாப்பின் நிறுவனமான அடோபி தயங்கியது. காஃபின் அதை விடுவித்துக் காட்டினார். எடுத்த படத்தின் தகவல் படமெடுத்தவருக்கே உரியது என்ற வாதம் அப்போது வலுப்பெற்றது. அந்த வாதத்தின் நியாயம் இன்றும் குறையவில்லை.

பொது அமைப்பு: டி.என்.ஜி

நிறுவனத்துக்கு நிறுவனம் ரா அமைப்பு மாறும் சிக்கலுக்குத் தீர்வாக, அடோபி அதற்கு முன்பே 2004-ல் டி.என்.ஜி என்ற பொது அமைப்பை வெளியிட்டிருந்தது. அதன் விவரக்குறிப்பு எல்லோருக்கும் கிடைக்கிறது. கறுப்பு அளவு, உச்ச அளவு, நிற அணி எல்லாம் கோப்புக்குள்ளேயே இருப்பதால், கேமராவின் பெயரைக் கேள்விப்பட்டிராத மென்பொருளும் படத்தைத் திறக்க முடியும். லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ கேமராக்கள் இதை நேரடியாகத் தருகின்றன. ஆண்ட்ராய்டு போன்களின் ரா படங்களும் ஆப்பிளின் புரோரா படங்களும் டி.என்.ஜி கோப்புகளே. ஆனால் கேனான், நிக்கான், சோனி ஆகியவை தங்கள் முதன்மைக் கேமராக்களில் சொந்த அமைப்பையே தொடர்கின்றன.

புதிய கேமரா வாங்குபவர், தாம் பயன்படுத்தும் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. இல்லையென்றால் புதுப்பிப்பு வரும்வரை ராவையும் ஜேபெக்கையும் சேர்த்தே பதிவு செய்யலாம். கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ போன்று நிறுவனங்களே இலவசமாகத் தரும் மென்பொருள்கள் தொடக்கத்திலேயே கைகொடுக்கும். பழைய லைட்ரூம் பதிப்பை வைத்திருப்பவர்கள், அடோபியின் இலவச டி.என்.ஜி மாற்றி புதிய மாடலை ஏற்ற பிறகு, கோப்புகளை அதில் மாற்றித் திறக்கலாம். மாற்றிய பிறகும் மூல ரா கோப்பை அழிக்கக் கூடாது. விடுபட்ட நிறங்களைக் கணித்து நிரப்பும் முறைகள் தொடர்ந்து மேம்படுகின்றன. பத்தாண்டு பழைய ரா கோப்பிலிருந்து முன்பைவிடத் தெளிவான படத்தை எடுக்க அந்த மூலக் கோப்பு தேவைப்படும்.