படலையில் ஊதும் பிளம்ஸ்

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கனடாவிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஆடி மாதம், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர், வீட்டு இரும்புப் படலைக்குப் பெயின்ற் அடித்தாராம். அடியில் அன்ரிகொரோசிவ் ஒரு பூச்சு, மேலே எனாமல் இரண்டு பூச்சு. கார்த்திகை மழையோடு கொப்புளம் போட்டுவிட்டது. குத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர், தண்ணீருக்கு அடியில் கறள். “கடல் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ. தண்ணீர் எந்த ஓட்டையால் உள்ளே போனது? கடைக்காரன் போலிப் பெயின்ற் தந்துவிட்டானா?”

ஓட்டை தேவையில்லை. பெயின்ற்றும் நல்லதாகவே இருந்திருக்கலாம். பேணியில் போட்டிருக்கும் படம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அதில் மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓடும். துளி உள்ளே போகாதுதான். நீர் மூலக்கூறு போகும். ஒரு பூச்சு எனாமல் காய்ந்தால் 30, 40 மைக்ரோமீற்றர்தான் தேறும், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பாதித் தடிப்பு. அதனூடாக நீர் மூலக்கூறுகள் போய் வந்துகொண்டே இருக்கின்றன. உப்பு மட்டும் அவ்வளவு இலேசில் போகாது. நீரை விட்டு உப்பை மறிக்கும் தோல் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த பிரசாரணம் நினைவுக்கு வரும். இங்கே பிரச்சினை, உப்பு தோலுக்கு உள்ளே மாட்டிக்கொண்டதுதான்.

பொங்கல் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பிளம்ஸ் போடுகிறோம் (முந்திரிகை வற்றலுக்கு இங்கே அதுதான் பெயர், தமிழ்நாட்டு வாசகர்கள் பொறுத்தருள்க). சுருங்கிக் கிடந்தது சற்று நேரத்தில் உருண்டு திரண்டுவிடும். உள்ளே இருக்கும் வெல்லம் தோலினூடாக நீரை இழுக்கிறது. படலையில் பெயின்ற்தான் தோல், அதற்கு அடியில் சிக்கிய உப்புத்தான் வெல்லம், மாரிமழை பானைத் தண்ணீர். அப்படியானால் கஜு எங்கே என்று கேட்பீர்கள். வெல்டிங் வேளையில் தெறித்து, சுரண்டாமல் விடப்பட்ட இரும்பு மணிகளைக் கஜுவாக வைத்துக்கொள்வோம். அவற்றின் உச்சியில் பெயின்ற் மெலிந்து நிற்பதால் கறளும் அங்கே முந்திவிடும்.

பானையை இன்னும் கொஞ்சம் கிளறுகிறேன். பிளம்ஸைச் சர்க்கரை கரைக்குமுன் போட்டால் நன்றாக ஊதும், பாகில் போட்டால் அவ்வளவு ஊதாது. வெளியே உள்ள நீர் எவ்வளவு தூயதோ உள்ளிழுப்பு அவ்வளவு பலம். படலைக்கும் இதே விதி. அடியில் உப்புச் சிக்கிய பெயின்ற், கடல்நீரைவிட நன்னீரில்தான் வேகமாகக் கொப்பளிக்கும். மழைநீரைவிடத் தூய நீர் உரும்பிராயில் எங்கே கிடைக்கும்? உப்பைக் கொண்டுவந்தது சோளகக்காற்று. அதை ஊத வைத்தது மாரி. நாம் மழையை மட்டும் திட்டுகிறோம். கடல்நீரின் பிரசாரண அமுக்கமே 25 வளிமண்டலத்தைத் தாண்டும். கார் ரயருக்குள் காற்றடிப்பது இரண்டு சொச்சம். ஒரு தோலைக் கிளப்ப இது போதாதா?

கடலில்லாத இடத்தில் உப்பேது என்கிறார் வாசகர். தென்மேற்கே பண்ணைக் கடல், கிழக்கே கோப்பாயைத் தாண்டினால் கைதடிப் பக்கம் நீரேரி, வடக்கே காங்கேசன்துறை. குடாநாட்டில் எந்தக் காற்று வீசினாலும் அது கடலைத் தடவித்தான் வரும். கரையோரத்தோடு ஒப்பிட்டால் உரும்பிராயில் விழும் உப்புக் குறைவு என்பது உண்மைதான். குருநகர்ப் படலை படும் பாட்டை இது படாது. ஆனால் எவ்வளவு உப்பு அதிகம் என்று பார்க்க வேண்டும். கப்பல்களின் பலாஸ்ற் தொட்டிக்குப் பெயின்ற் அடிக்குமுன் சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கக்கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006இல் விதித்தது. பத்தடி நீளம், ஆறடி உயரமுள்ள தகட்டுப் படலையின் ஒரு பக்கத்துக்கு இதைக் கணக்கிட்டால் 280 மில்லிகிராம் வருகிறது. ரசத்துக்குப் போடும் ஒரு சிட்டிகை.

அந்தச் சிட்டிகை சும்மாவும் கிடக்காது. கார்த்திகையில் அடுப்படி உப்புப் போத்தல் கசிகிறதல்லவா, அதே குணம். தூய சோடியம் குளோரைட்டு என்றால், காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்வரை பொறுத்திருந்துதான் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். யாழ்ப்பாணத்துக் காற்று அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஒரு துளி மழை இல்லாத ஆவணி வெயிலிலும் படலை, கண்ணுக்குத் தெரியாமல் நனைந்தே நிற்கிறது. கொண்டியடியில் கறள் முந்துவதற்கு நம் கைவியர்வையின் உப்பும் ஒரு காரணம்.

கொப்புளத்துக்குள் நடப்பதில் பிளம்ஸ் உவமை உடைந்துவிடுகிறது. பிளம்ஸ் உள்ளிருந்து கறள் பிடிப்பதில்லை. நடுவில் ஒட்சிசன் குறைவு, அங்கே இரும்பு கரைகிறது. ஓரத்தில் ஒட்சிசன் வந்து இலத்திரன்களை வாங்கிக் காரத்தை உண்டாக்குகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன? சவர்க்காரம். சாதாரண எனாமலின் பசையில் எண்ணெய் இருக்கிறது. கொப்புளத்தின் விளிம்பில் நம் பெயின்ற் மெல்ல மெல்லச் சவர்க்காரமாகி இரும்பை விட்டுக் கழல, கொப்புளம் பரவுகிறது. புதுக் கல்வனைஸ் படலையில் நேரடியாக அடித்த எனாமல் பாளம் பாளமாக உரிவதும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே நாகம் சவர்க்காரமாகிறது. குளோரைட்டோ இத்தனை வேலையிலும் தான் செலவாகாமல், இரும்பைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த இரும்புக்குப் போகிறது.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்று ஆசிரியர் கேட்பார் என்பதற்காக ஒரு பந்தி. உப்புநீர்த் துளியின் நடுவும் ஓரமும் இப்படிப் பிரிந்து வேலை செய்வதை 1920களில் கேம்பிரிட்ஜில் காட்டியவர் யூலிக் எவன்ஸ். 1889இல் எழுந்த ஈபெல் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒருமுறை 60 தொன் பெயின்ற் போகிறது. நமக்கு எதிர்க்கரையில் 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 இறுதியோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பொலிசிலொக்சேன் பூச்சு. மயாமிக்கு அடுத்து உலகிலேயே அதிகம் அரிக்கும் இடம் பாம்பன் என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதும். உலகத்துக் கரைகளை எல்லாம் ஒரே கோலால் அளந்தவர் யார் என்று மட்டும் எவரும் எழுதுவதில்லை.

ஹாட்வெயார் கடைக்குப் போனால் ‘நனோ’ என்ற சொல்லுக்கே தனி விலை. பத்து வருட உத்தரவாதத்தின் பின்பக்கச் சிறு எழுத்தை வாசியுங்கள். மேற்பரப்பைச் சரியாகத் தயார் செய்திருந்தால் என்று இருக்கும். தயார் செய்யாமல் விடுவதுதானே நம் வழக்கம்? கறளை ‘மாற்றும்’ திரவம் என்று விற்பவற்றில் பலவற்றின் உயிர் தனின். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை செய்த அதே இரசாயனம்தான். கறளைக் கறுப்பாக்கும், உப்பை எடுக்காது. நாகம் நிறைந்த பிறைமர் நல்ல சாமான், ஆனால் அதன் நாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் இரும்புக்காகத் தான் கரையும். பழைய பெயின்ற்றின் மேல் பூசினால் வெறும் சாம்பல் நிறம்.

வாசகருக்கு என் பதில் செலவில்லாதது. கறளை வயர் பிரஸால் சுரண்டியபின், கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். உரும்பிராய்த் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளைத் தடம் விட்டால் துடைத்துவிடலாம். காய்ந்ததும் தாமதிக்காமல் அன்ரிகொரோசிவ். விளிம்புக்கும் வெல்டிங் தையலுக்கும் தூரிகையால் முதலில் ஒரு தனிப் பூச்சு. பொக்ஸ் பாரின் திறந்த வாயை அடையுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்து தின்னும். ஆடியைவிடத் தைப்பொங்கலுக்கு முன் அடிப்பது மேல், மாரி கழுவித் தந்திருக்கும். ஆனால் மார்கழிப் பனி இரும்பில் இறங்கியிருக்கும். தகடு பனிபடுநிலையைவிட 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. பத்து மணிக்குமுன் தூரிகையைத் தொடாதீர்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. பழைய சங்கடப் படலை மாதிரி மேலே ஓட்டுக் கூரையும் போட்டிருக்கிறாராம், மழை படாமல். மரப்படலைக்கு அது அருமையான ஏற்பாடு. இரும்புக்குக் கூரை போட்டால் காற்று உப்பைக் கொண்டுவரும், கழுவ மழை வராது; சாரல் மட்டும் வந்து ஊத வைக்கும். கடலோரக் கட்டடங்களில் மழை படாத அடிப்பக்கம் முதலில் அரிபடுவது இதனால்தான். கூரையைப் பிடுங்க வேண்டாம், வாசகரே. சோளகம் வீசும் மாதங்களில், கிழமைக்கு ஒருமுறை வாழைக்குத் தண்ணீர் விடும்போது பைப்பைப் படலைப் பக்கமும் திருப்பிப் பிடியுங்கள்.