சுருதிப் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு

மார்கழி பிறந்தால் நம் வணிகர்களில் பலருக்குக் கடையோடு இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. விடியற்காலைப் பஜனைக் கோஷ்டியைக் கட்டிக் காப்பதுதான் அது. திருவெம்பாவை திருவண்ணாமலையில் பாடப்பெற்றது என்பது மரபு. அந்த மலைக்கு அருகே கீழ்பென்னாத்தூரில் இருக்கும் நமக்கு அதைச் சுருதி சேரப் பாட வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பே. எங்கள் கோஷ்டியின் செலவு கடைக்காரர்கள் எடுத்து வைக்கும் மகமையில் நடக்கிறது. ஆகவே ஒரு சுருதிப் பெட்டி வாங்குவதானாலும் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். நாங்கள் முதலில் அப்படிப் பார்க்கவில்லை. அந்த அனுபவம் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தது பழைய துருத்திப் பெட்டி. ஒன்றரைக் கட்டைக்குச் செய்தது. ஆண்கள் மட்டும் பாடிய காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். பெண் குரலுக்குப் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிய சுருதிதான் ஏற்றது. ஒன்றரைக் கட்டையில் கீழே போனால் அவர்களுக்குக் குரல் எழும்பவில்லை. மேலே போனால் தொண்டை கட்டிக்கொண்டது. பத்தாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. காரணம் கேட்டதற்கு ஒரு சிறுமி, "தாத்தா, உங்க பெட்டிக்கு நாங்க பாட முடியல" என்றாள்.

உடனே ஒரு மின்னணுப் பெட்டி வாங்கினோம். விசாரித்ததில் எது மலிவோ அதையே வாங்கினோம். பேட்டரி இறங்க இறங்கச் சுருதியும் இறங்கியது. ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் கரகரத்தது. மாதம் முடியுமுன் பழுதாயிற்று. பழுது பார்க்கக் கேட்ட கூலி, பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. மகமைப் பணம் வீணானதற்கு நானும் ஒரு பொறுப்பாளி.

மாதிரி பார்த்தோம்

துவரம் பருப்பு மூட்டைக்கு மாதிரி பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. அதே முறையை அடுத்த தடவை கையாண்டோம். கோயில் மண்டபத்தில் ஓர் ஓதுவாரை அமர்த்தி, இரவல் வாங்கிய நான்கு வகைகளைத் திரைக்குப் பின்னால் ஒலிக்கவிட்டுப் பாடச் சொன்னோம். விலையைச் சொல்லவில்லை.

முதலாவது, உண்மைத் தம்பூரா. ஓதுவார் கேட்டவுடனே, "மண்டிக்காரரே, இது தந்தி" என்றார். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைப்பார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அதனால்தான் அந்த ரீங்காரம் எழுகிறது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் இந்த நாதத்தின் விந்தையை ஆராய்ந்து 1921இல் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர்த் தம்பூரா பலா மரத்தில் குடைந்தது. மகாராஷ்டிரத்து மிரஜ் தம்பூரா சுரைக் குடுவையில் ஆனது. நாதத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் மீட்ட ஒரு கை தேவை. பனியில் சுருதி கலையும். தெருவில் தூக்கிச் செல்ல இயலாது. விலையும் மின்னணுப் பெட்டியைப்போல் பல மடங்கு.

இரண்டாவது, துருத்திப் பெட்டி. மின்சாரம் வேண்டாம், கனத்த நாதம். ஆனால் கட்டையை மாற்ற முடியாது. துருத்தியை எலி கடிக்கும் என்பதை மளிகைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, மின்னணுத் தம்பூரா. பெங்களூர்ப் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1979இல் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கி மின்னணுச் சுருதிப் பெட்டியைப் பரப்பினார். பழைய பெட்டிகளில் மின்சுற்றே ஒலியை உண்டாக்கியது. இன்றைய நல்ல பெட்டிகளில் உண்மைத் தம்பூராவின் ஒலியைப் பதிந்து சில்லில் வைக்கிறார்கள். மேல்நாட்டிலும் இதே கதைதான். கிட்டார் வாசிப்போர் பெரிய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். லைன் 6 நிறுவனம் 1998இல் பாட் என்ற சிவப்பு நிறச் சிறு பெட்டியில் அந்த ஒலிகளின் சாயலைக் கொண்டுவந்தது. அசலா நகலா என்ற வாதம் அங்கும் இன்றுவரை ஓயவில்லை. எங்கள் ஓதுவாரோ, "நகல்தான், ஆனால் பாட இடம் கொடுக்கிறது" என்று முடித்துவிட்டார்.

நான்காவது, செல்போன் செயலி. செலவு மிகக் குறைவு. வீட்டில் சாதகம் செய்யப் போதும். போனின் சிறிய ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி கேட்காது; தனி ஸ்பீக்கர் வேண்டும். பாட்டின் நடுவே அழைப்பு வந்தால் சுருதி நின்றுபோகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பாடப்போகிறவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் பாடும் கட்டையில் வைத்துக் கேளுங்கள். பதிந்த ஒலியை அதிகம் ஏற்றி இறக்கினால் இயல்பு கெடும்.

2. ஐந்து நிமிடம் தொடர்ந்து கேளுங்கள். ஒலி சுற்றி வரும் இடத்தில் "டக்" என்று தட்டினால் வேண்டாம்.

3. ஒலியை முழுவதும் கூட்டிப் பாருங்கள். கரகரத்தால் அது தெருவுக்கு உதவாது.

4. பேட்டரியிலும் மின்சாரத்திலும் மாற்றிப் பாருங்கள். சுருதி மயிரிழையும் அசையக் கூடாது.

5. நுண்சுருதித் திருகு அவசியம். நாதஸ்வரமோ ஆர்மோனியமோ பெட்டிக்காக இறங்கி வராது. பெட்டிதான் அதனோடு சேர வேண்டும்.

6. பஞ்சமத்துக்குப் பதில் மத்யமம் வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரீரஞ்சனி, ஹிந்தோளம் போன்ற ராகங்களில் பஞ்சமம் கிடையாது.

7. பில், உத்தரவாதச் சீட்டு, பழுது பார்க்கும் இடம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கையால் செய்த உள்நாட்டு இசைக்கருவிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மின்னணுப் பெட்டிக்கு உண்டு. விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

நாங்கள் நடுத்தர விலையில் ஒரு மின்னணுத் தம்பூரா வாங்கினோம். தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போகலாம். ஆண்கள் பாடும்போது ஒன்றரை, பிள்ளைகள் பாடும்போது ஐந்து என்று மாற்றிக்கொள்கிறோம். நின்றுபோன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய துருத்திப் பெட்டியையும் விற்கவில்லை. மின்சாரம் போன நாளில் அது கைகொடுக்கிறது.

வசதி உள்ள கோயில்களும் சங்கங்களும் தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்றையாவது வாங்கி வைப்பது நல்லது. நகல் எடுப்பதற்கும் ஓர் அசல் இருந்தாக வேண்டும். அதைச் செய்யும் கைகளும் பிழைக்க வேண்டும். மற்றவர்கள் மின்னணுப் பெட்டி வாங்கலாம், தவறில்லை. ஆனால் மலிவையோ பெயரையோ பார்க்காமல் பாடும் தொண்டையைப் பார்த்து வாங்குங்கள். வாடிக்கையாளர் வாய்க்குப் பிடிக்காத அரிசியை மலிவு என்பதற்காக நாம் மூட்டை மூட்டையாக இறக்குவதில்லை அல்லவா?