தக்கலையின் அஞ்சுவண்ணம்

1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையைக் கண்டு குலசேகரம் வழியாகத் திரும்புவோர், பத்மநாபபுரம் அரண்மனைக்காகத் தக்கலையில் இறங்குவதுண்டு. அரண்மனை முடிந்ததும் பேருந்து ஏறிவிடுகின்றனர். அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் தர்காவும், அதைச் சூழ்ந்த பழைய முஸ்லிம் குடியிருப்பும் உள்ளன. அரண்மனையைவிட முந்திய ஒரு வரலாறு இங்கே ஒரு பெயரில் தங்கியிருக்கிறது. அப்பெயர் அஞ்சுவண்ணம். தர்காவை நிர்வகிக்கும் சங்கத்தின் பெயரிலும் இச்சொல்லே முன்னிற்கிறது.

அஞ்சுவண்ணம் என்றதும் ஐந்து என்ற எண்ணைத் தேடுவது இயல்பு. ஐந்து குடும்பங்கள் என்பாரும், ஐவகைக் கைவினைஞர் என்பாரும் உண்டு. முற்கால ஆய்வாளர் சிலரும் இவ்வழியிலேயே பொருள் கண்டனர். ஆனால் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காட்டுவது வேறு. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்தில் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் வழங்கிய உரிமைகளைக் கூறுவது. அதில் மணிக்கிராமத்தோடு அஞ்சுவண்ணமும் ஒரு வணிகக் குழுவாக வருகிறது. அதன் சாட்சிகள் கூஃபி அரபு எழுத்திலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலமைந்த பாரசீகத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். ஏறத்தாழ கி.பி. 1000இல் யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அளிக்கப்பட்ட செப்பேட்டிலும் இப்பெயர் உண்டு. கிழக்குக் கரையில், தீர்த்தாண்டதானபுரத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் இதைக் குறிக்கிறது. கொங்கணக் கரையில் ஹஞ்சமன என வழங்கியதும் இதுவே. கூட்டம், சபை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லான அஞ்சுமனின் தமிழ் உருவம் இது. இன்றும் நம் சங்கங்களுக்கு 'அஞ்சுமன்' என்று பெயர் சூட்டுகிறோம். அதே சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழாகி நம்மிடையே நின்றதை மறந்துவிட்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேற்காசிய வணிகர் பல சமயத்தவராய் இணைந்திருந்த குழு அது. காலப்போக்கில் முஸ்லிம்களையே பெரிதும் குறிப்பதாயிற்று. தக்கலையில் பெயர் நிலைத்திருப்பதைக் கொண்டு இங்குள்ளோர் அனைவரும் அவ்வணிகரின் நேர்வழியினர் எனக் கூறிவிட இயலாது. அரபு வம்சாவளியைத் தேடிப் பெருமை கொள்ளும் ஆசை நம்மிடம் சற்று மிகுதி. பெயர் நிறுவுவது வம்சத்தை அன்று. இந்நாட்டின் வணிக ஒழுங்கில் அக்குழுவுக்கு இருந்த ஏற்புடைமையை.

தர்காவுக்குள் நுழைந்தால் இதே கேள்வி வேறு வடிவில் எதிர்ப்படுகிறது. தென்காசியில் பிறந்து இங்கு வந்து நெசவுத் தொழில் செய்தவர் அப்பா என்பது மரபு. வணிகக் குழுவின் பெயர் தாங்கிய இடத்தில் போற்றப்படுபவர் ஒரு நெசவாளி! காயல்பட்டினத்து ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் காலத்தவராகிய இவர், தஸவ்வுஃபின் நுட்பங்களைக் குறவஞ்சியாகவும் மாலையாகவும் பாடினார். ஞானரத்தினக் குறவஞ்சி, பிஸ்மில் குறம், ஈடேற்ற மாலை ஆகிய தலைப்புகளே இதற்குச் சான்று. பாரசீகச் சபையொன்று அஞ்சுவண்ணமானது போலவே, அரபுச் சொல்லாகிய பிஸ்மில்லும் இங்கே குறத்தியின் வாய்மொழியாயிற்று.

பகலில் இத்தெருக்களில் நடப்பவருக்கு வீடுகளும் பள்ளிவாசலும் தர்காவுமே தென்படும். ரஜப் பிறை 14ஆம் இரவு வருபவர் ஞானப்புகழ்ச்சியைக் கேட்பார். ஏடு பார்த்தும் மனப்பாடமாகவும் பலர் கூடியமர்ந்து விடியும்வரை அதைப் பாடுகின்றனர்.