புது வீட்டை பூட்டிப் போட்டிருக்கீங்களா? பால் காய்ச்சும் முன்பே ஒயர், குழாய், மோட்டார் 'அபேஸ்' ஆகலாம்... உஷார்!

சென்னை:

வீடு கட்டி முடிச்சாச்சு. பெயிண்ட் வாசனை கூட இன்னும் போகவில்லை. அதற்குள் ஆடி மாதம் குறுக்கே வந்துவிட்டது. "ஆவணி பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்து குடி போகலாம்" என்று கேட்டில் பெரிய பூட்டாக ஒன்றை மாட்டிவிட்டு வாடகை வீட்டுக்கே திரும்பி விடுகிறது குடும்பம். மார்கழியிலும் இதே கதைதான். இன்னும் சிலர் வைகாசியிலேயே அவசரமாக பால் காய்ச்சி முடித்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அட்வான்ஸ் பணம், ஆபீஸ் என்று ஏதோ ஒரு காரணத்தால் மாதக்கணக்கில் பூட்டியே போட்டு விடுகிறார்கள்.

மர்ம ஆசாமிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

"உள்ளே என்ன இருக்கு, வெறும் சுவர்தானே" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். நகை இல்லை, பணம் இல்லை, பீரோ இல்லை. உண்மைதான். ஆனால் புது வீட்டில் கைவரிசை காட்டுபவன் பீரோவைத் தேடி வருவதில்லை. அவன் வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக கழற்றிக் கொண்டு போக வருகிறான்.

முதல் குறி செம்பு ஒயர். சுவருக்குள் பைப் பதித்து, ஒயர் இழுத்து, சுவிட்ச் மாட்டாமல் பெட்டிக்குள் முனைகள் தொங்கிக் கொண்டிருக்கும் நாட்கள்தான் ரொம்ப ஆபத்து. கடைசி கோட் பெயிண்ட் முடிந்த பிறகுதான் சுவிட்ச் மாட்டுவார்கள் என்பதால் இந்த நிலையில் பல வீடுகள் வாரக்கணக்கில் கிடக்கும். வெளியே நின்று முனையைப் பிடித்து இழுத்தால் ஒயர் வந்துவிடும். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் போட்ட தடிமனான ஒயர் என்றால் எடையும் அதிகம், காசும் அதிகம். மேலே உள்ள பிளாஸ்டிக்கை எரித்துவிட்டு வெறும் செம்பாக காயலான் கடைக்குப் போய்விட்டால், அது யார் வீட்டு ஒயர் என்று யாராலும் அடையாளம் காட்ட முடியாது. திருடனுக்குக் கிடைப்பது பழைய செம்பு விலை. வீட்டுக்காரருக்கோ புது ஒயர், எலக்ட்ரீஷியன் கூலி, இழுக்கும்போது பைப் அடைத்துக் கொண்டால் சுவரை உடைக்கும் செலவு, மறுபடி பட்டி, மறுபடி பெயிண்ட். ஏற்கனவே பி.எஃப். பணத்தைப் போட்டு, நகையை அடகு வைத்து, வீட்டுக் கடன் தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்டிக் கொண்டிருப்பவருக்கு இது எப்படிப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் மேஸ்திரியிடம் முதலிலேயே கறாராக பேசி விடுங்கள். ஒயர் இழுப்பதையும் சுவிட்ச் மாட்டுவதையும் குடியேறும் தேதிக்கு எவ்வளவு நெருக்கமாக கொண்டு வர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்துக் கொள்ளுங்கள். பாத்ரூம் குழாய், ஷவர், ஹீட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, ஏ.சி. எல்லாமே அப்படித்தான். "ஆஃபர்ல கிடைச்சுது" என்று நாலு மாதம் முன்பே வாங்கி புது வீட்டு மூலையில் அட்டைப் பெட்டியோடு அடுக்கி வைப்பது சரியல்ல. சாவியை ஒப்படைக்கும் வரை பொருளுக்கு யார் பொறுப்பு என்பதை கான்ட்ராக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அப்புறம் நிற்காது.

குழாய் விஷயத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பித்தளை குழாயை கழற்றிக் கொண்டு போகிறவன் தண்ணீரை அடைத்துவிட்டா போவான்? மேல் தொட்டி முழுக்க காலியாகும் வரை வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும். மர வேலையெல்லாம் ஊறிப் போகும். வீட்டை பூட்டும்போது மொட்டை மாடி தொட்டியின் வால்வை மூடிவிட்டு வருவது ரெண்டு நிமிட வேலை.

போர் மோட்டாரையும் விட்டு வைப்பதில்லை. குழாயோடு மேலே தூக்கி, கேபிளை வெட்டிக் கொண்டு போய் விடுவார்கள். போர் வாயை இரும்புக் கூண்டு போட்டு பூட்டி வைக்கலாம். மோட்டார், ஹீட்டர், பேட்டரி இவற்றின் மேல் உள்ள சீரியல் நம்பரை செல்போனில் படம் எடுத்து, பில்லோடு வேறு இடத்தில் வைத்திருங்கள். நாளைக்கு ஏதாவது ஒரு கடையில் பொருள் சிக்கினால் உங்களுடையது என்று காட்ட அதுதான் சாட்சி. பால் காய்ச்சிய வீட்டில் கேஸ் சிலிண்டர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு, மொய்யாக வந்த வெள்ளி சாமான் எதையும் ஒரு ராத்திரி கூட விட்டு வைக்காதீர்கள்.

காட்டிக் கொடுக்கும் பூசணிக்காய்

இந்த வீட்டில் ஆள் இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வீடே சொல்லிவிடும். திருஷ்டி பொம்மையும் பூசணிக்காயும் வாசலில் தொங்குகிறது. கோலம் இல்லை. கேட்டில் வெளிப்பக்கம் பூட்டு, அதன் மேல் தூசி. மாடுலர் கிச்சன், கொசுவலை, தண்ணி கேன் நோட்டீசுகள் கேட் கம்பியில் செருகியபடியே வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. இரண்டு நாள் அந்த வழியாக பைக்கில் போனாலே போதும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. கேட்டை உள்பக்கமாக பூட்டுங்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் ஏதாவது கொடுத்து வாசல் தெளித்து கோலம் போடச் சொல்லுங்கள், நோட்டீசையும் அவரே எடுத்து விடுவார். வெளி லைட்டை இரவும் பகலும் எரிய விட்டுவிட்டு வருகிறார்களே, அதுவும் தப்பு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எரியும் பல்பு, ஆள் இல்லை என்று போர்டு எழுதி மாட்டியதற்கு சமம். இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் பல்புகள் எலக்ட்ரிகல் கடைகளில் சாதாரணமாக கிடைக்கின்றன.

வாசலுக்கு தேக்குக் கதவு, அதற்கு ஆயிரக்கணக்கில் பூட்டு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு மெல்லிய கதவு, ஒற்றைத் தாழ்ப்பாள். அவன் எந்தப் பக்கம் வருவான்? மொட்டை மாடி கதவும் இதே லட்சணம்தான். பாத்ரூம் வென்டிலேட்டரில் கண்ணாடியை வரிசையாக உருவி எடுத்தால் ஒல்லியான ஆள் உள்ளே இறங்கி விடலாம், அதற்கு கம்பி போடாமல் விடாதீர்கள். இன்னொன்று, கட்டிட வேலை முடிந்ததும் சாரம் கட்டிய சவுக்குக் கம்பு, ஏணி, கடப்பாரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். மாடிக்கு ஏற ஏணியும் கதவை நெம்ப கடப்பாரையும் நீங்களே எடுத்து வைத்துவிட்டுப் போவானேன்?

சாவி எத்தனை பேர் கையில்?

கொத்தனார் குடும்பம் ஷெட்டில் தங்கி சமைத்து சாப்பிட்டுக் கொண்டிருந்த வரை அந்த வீட்டுக்கு காவல் இருந்தது. சாரம் பிரித்து அவர்கள் மூட்டை கட்டிய அன்றுதான் ஆபத்து ஆரம்பம். முடிந்தால் குடியேறும் வரை அவர்களையோ, நம்பிக்கையான வேறு ஒருவரையோ சம்பளம் கொடுத்து ராத்திரி தங்க வையுங்கள். போட்டோ, ஆதார் நகல், செல் நம்பர் வாங்கிக் கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. எதுவும் முடியாவிட்டால் சொந்தக்காரப் பையன் ஒருவன் வாரத்தில் நாலு நாள் போய் படுத்து வந்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஒரு வருஷமாக அந்த வீட்டின் சாவி கார்பென்டர், பெயிண்டர், பிளம்பர், டைல்ஸ்காரர் என்று பத்து கை மாறியிருக்கும். இதை வைத்து அவர்கள் எல்லோரையும் சந்தேகப்படுவது அநியாயம். ஏதாவது காணாமல் போனால் முதலில் வடமாநில தொழிலாளியைப் பிடித்து மிரட்டுவது நம் ஊரில் வழக்கமாகி விட்டது. அதைவிட வேலை முடிந்த அன்றே பூட்டின் உள்பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு புதிதாக மாற்றி விடுங்கள். முழு பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய சாவி யாரிடம் இருந்தாலும் கவலையில்லை.

கேமரா வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, படம் பதிவாகும் பெட்டியை ஹாலில் வைத்தால் அதையும் சேர்த்து தூக்கிக் கொண்டு போய் விடுவார்கள். புது வீட்டில் இன்டர்நெட் இருக்காது என்பதால் சிம் கார்டு போடும் கேமரா தேவலை. ஆள் நடமாட்டம் தெரிந்ததும் செல்போனுக்கு தகவல் வரும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தால் கேமராவும் படுத்துவிடும், அதற்கு தனி லைன் அல்லது பேட்டரி வேண்டும்.

பூட்டிய வீட்டு விவரத்தை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் இரவு ரோந்தில் அந்தத் தெருவையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். புறநகரில் மனை வாங்கியவர்கள் தங்கள் இடம் எந்த ஸ்டேஷனில் வருகிறது என்பதை முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். 2022-ம் ஆண்டு தொடக்கத்தில் ஆவடி, தாம்பரம் தனி கமிஷனரகங்கள் ஆன பிறகும் பழைய நினைப்பிலேயே அலைபவர்கள் உண்டு.

இன்சூரன்ஸ் இருக்கு என்று நிம்மதியாக இருந்து விடாதீர்கள். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த பாலிசி பெரும்பாலும் தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குத்தான். திருட்டுக்கு தனியாக எடுத்திருந்தாலும், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால் பணம் கிடையாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

அத்தனையும் மீறி ஒரு நாள் போய்ப் பார்க்கும்போது கதவு நெம்பிக் கிடந்தால், உள்ளே ஓடாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெட்டிய ஒயரில் கரண்ட் இருக்கலாம். வெளியே நின்று 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். கைரேகை எடுக்கும் வரை கதவு, பெட்டி எதையும் தொட வேண்டாம். "யாரும் குடியில்லாத வீடுதானே, ஒயர்தானே" என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்டுக் கொண்டு வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவு, ஆட்கள் வசிக்கும் வீடு மட்டுமல்ல, பொருள் பாதுகாத்து வைக்கும் கட்டிடத்தில் நடக்கும் திருட்டுக்கும் பொருந்தும். 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலை புகார்தாரருக்கு இலவசமாக தர வேண்டும். கேட்டு வாங்கிக் கொண்டு வாருங்கள்.